பன்னிரண்டாயிரம் ரூபாய்க் குவளை

காபி ஆறாமல் பார்த்துக்கொள்வதே தன் வேலை என்று ஒரு குவளை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகின்றன. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எம்பர் நிறுவனம் 2016-இல் பயணத்துக்கான மூடிபோட்ட குவளையையும், 2017-இல் மேசையில் வைத்துக் குடிக்கும் பிடிவைத்த மக்கையும் கொண்டுவந்தது. ஸ்டார்பக்ஸ் கடைகளிலும் ஆப்பிள் கடைகளிலும் அந்த மக்கைப் பார்த்தவர்கள் உண்டு. வெளியே வழவழப்பான பீங்கான் மாதிரி இருக்கும். உள்ளே எஃகு உடம்பு, அதன்மேல் பீங்கான் பூச்சு. அடிப்பாகத்தில் பேட்டரி, சூடேற்றும் தகடு, சூட்டை அளக்கும் உணரிகள், இவற்றை நடத்தும் ஒரு சில்லு. கைப்பேசிச் செயலியில் 57 டிகிரி செல்சியஸ் என்று சொல்லிவிட்டால், ஊற்றிய காபி தானாக ஆறி அந்த அளவுக்கு வரும்வரை மக் சும்மா இருக்கும். வந்ததும் அதற்குக் கீழே இறங்கவிடாமல் பிடித்து நிறுத்தும். ஏறக்குறைய 50 முதல் 62.5 டிகிரி வரை எந்த அளவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விலை 130 முதல் 150 டாலர். நம் பணத்தில் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் என்று போகும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியும் அனுப்புசெலவும் தனி. இணையத்தில் இதைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் பலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: வாங்கலாமா?

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். இது ஏமாற்றுவேலை இல்லை. சொன்ன சூட்டில் காபியை வைத்திருக்கிறது. அதில் குறை சொல்ல இடமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. காபி எதனால் ஆறுகிறது? பாத்திரம் பெரிது, வாய் திறந்திருக்கிறது, குடிக்கிறவர் அவசரப்படுவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் குடித்து முடிக்கும் முன் காபி ஆறுகிறது. மூன்றில் ஏதாவது ஒன்றை மாற்றினாலும் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குக் காசும் அதிகம் ஆகாது. மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு, போகிற சூட்டைப் பேட்டரியால் ஈடுகட்டுவதுதான் ஸ்மார்ட் மக் தேர்ந்தெடுத்த வழி. மூன்றையும் மாற்ற முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அந்த வழி உதவும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் விளம்பரம் நினைக்கவைக்கிற அளவுக்கு அதிகம் பேர் இல்லை.

முதலில் சூட்டைப் பற்றி. காபிப் பொடியில் ஊற்றும் தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சாறு சரியாக இறங்கும். ஆனால் அந்தச் சூட்டில் யாராலும் குடிக்க முடியாது. 2002-இல் அமெரிக்க உணவு அறிவியல் இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், சூடான காபியையும் ஆறிய காபியையும் கொடுத்து, தங்களுக்குப் பிடித்த பதத்துக்குக் கலந்துகொள்ளச் சொன்னார்கள். சராசரி விருப்பம் 60 டிகிரியை ஒட்டி வந்தது. தீக்காயங்களைப் பற்றிய இதழில் 2008-இல் பிரவுன், டில்லர் என்ற இரு பொறியாளர்கள் வேறு கோணத்தில் கணக்குப் போட்டார்கள்: குடிப்பவரின் விருப்பத்தையும், கொட்டினால் தோல் வெந்துபோகும் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்தால் பரிமாறுவதற்கு உகந்த சூடு எது? 57.8 டிகிரி என்றது அவர்கள் கணக்கு. 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 65 டிகிரிக்கு மேலான சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் அது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்பு உண்டு என்று வகைப்படுத்தியது. அதே அறிக்கையில் காபி என்ற பானத்தின் மேல் குற்றம் சாட்டப் போதிய ஆதாரமில்லை என்றும் சொன்னது. சந்தேகம் முழுக்க சூட்டின் மேல்தான். ஈரானின் கொலஸ்தான் மாகாணத்தில் ஏறக்குறைய 50,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2019-இல் வெளிவந்த ஆய்வும் 60 டிகிரியிலும் அதற்கு மேலும் சூடாக, நிறையத் தேநீர் குடிப்பவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. ஆகவே இந்த மக் தனக்கு வைத்துக்கொண்ட 50 – 62.5 எல்லையில், அதன் மேல்முனையைத் தவிர, தவறில்லை. நாவுக்கும் தொண்டைக்கும் இதமான இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் காபி என்று நினைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு இந்த எண்களைக் காட்டலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

இனி அந்தச் சூடு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். விஷயத்தின் சாரமே இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701-இலேயே எழுதிவிட்டார். ஆனால் காபிக்கு அந்த விதி பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிக் கதை குவளையின் வாயிலிருந்து எழும் ஆவி. நீர் ஆவியாக மாறுவதற்கு ஏராளமான வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது மிஞ்சியிருக்கும் காபியிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் போகும். குவளையில் 300 மில்லி காபி இருந்தால், அதிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியாய்ப் போனாலும் மொத்தக் காபியும் கிட்டத்தட்ட 2 டிகிரி இறங்கிவிடும். கால் தேக்கரண்டி அளவுகூட இல்லாத தண்ணீர் அது. திறந்த வாயுள்ள குவளையில் சூடான பானம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இப்படித்தான் போகிறது. பக்கச் சுவரை எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் வாய் திறந்திருந்தால் பயன் குறைவுதான்.

இதிலிருந்து வரும் முடிவு மிகச் சாதாரணமானது. குவளைமேல் ஒரு தட்டு. ஒரு மூடி. எவர்சில்வர் தட்டோ, சிலிக்கோன் மூடியோ, எதுவானாலும் ஆவி வெளியேறுவதைத் தடுத்தால் குடிக்கத்தக்க சூடு நிற்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். சாதாரணப் பீங்கான் மக்கில், ஏசி போட்ட அறையில், 65 டிகிரியிலிருந்து 50-க்கு இறங்க அரைமணி நேரம் அளவில் ஆகும். மூடினால் ஒரு மணி நேரத்தை எட்டிப்பிடிக்கலாம். ஐம்பது ரூபாய் மூடி இவ்வளவு செய்கிறது என்றால், அதைச் செய்யாமல் பேட்டரியைத் தேடுவது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஏசி போடுவதற்குச் சமம். குளிர்ச்சி கிடைக்காது என்று இல்லை. கிடைக்கும், ஆனால் எந்த விலையில் என்பதுதான் பேச்சு.

அந்த விலை பேட்டரியில் தெரிகிறது. 57 டிகிரியில் இருக்கும் 300 மில்லி காபி, நிமிடத்துக்கு அரை டிகிரி அளவில் ஆறுகிறது என்று வைத்துக்கொண்டால், அது ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 10 ஜூல் இழக்கிறது. அதாவது அந்தச் சூட்டை நிறுத்திவைக்க 10 வாட் மின்சாரத்தை இடைவிடாமல் ஊட்ட வேண்டும். பெரிய கைப்பேசி ஒன்றின் பேட்டரியில் அடங்குவது 15 முதல் 20 வாட்-மணி. ஒரு மக்கின் அடியில் ஒளித்துவைக்கும் பேட்டரி அதைவிடப் பெரிதாக இருக்க வழியில்லை. ஆக ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அது தீர்ந்துதான் ஆக வேண்டும். எம்பர் தன் 295 மில்லி மக்குக்கு ஒன்றரை மணி நேரம் என்றும், 414 மில்லி மக்குக்கு 80 நிமிடம் என்றும் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. சாதாரண அறையில் பச்சைத்தண்ணீராய்க் கிடக்கும் 300 மில்லி காபியை 30-இலிருந்து 57-க்கு ஏற்றுவதற்கே 9 வாட்-மணிக்கு மேல் ஆகிவிடும். அதனால்தான் இந்த மக்குகள் ஆறாமல் காப்பதற்கு மட்டுமே. ஆறிப்போனதைச் சூடாக்க இவற்றை நம்பக் கூடாது. இதெல்லாம் தயாரிப்பாளரின் குறை அல்ல, இயற்பியல் போட்ட எல்லை. பேட்டரி போதாதவர்களுக்கு சார்ஜ் செய்யும் தட்டு ஒன்றும் கூடவே வருகிறது. மக்கை அதன்மேல் வைத்திருந்தால் நாள் முழுக்கச் சூடு நிற்கும். அப்படி வைத்தே குடிப்பதாக இருந்தால், மக் மேசையை விட்டு நகரப்போவதில்லை. நகராத மக்குக்குப் பேட்டரி எதற்கு?

மின்சாரச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தினம் இரண்டு முறை முழுதாகப் பயன்படுத்தினாலும் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட்டைத் தாண்டாது. செலவு பொருளின் ஆயுளில்தான் இருக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரி சில நூறு முறை முழுதாகத் தீர்ந்து நிறைந்தபின் தன் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழந்துவிடும் என்பது கைப்பேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கைப்பேசியில் பேட்டரியை மாற்றித் தரக் கடைத்தெருவில் ஆள் இருக்கிறது. தண்ணீர் புகாமல் அடைத்து ஒட்டிய மக்கில் அதை வாங்கியவரே மாற்ற வழியில்லை. ஒன்றரை மணி நேரம் காத்தது சில ஆண்டுகளில் முக்கால் மணி, அரைமணி என்று சுருங்கும்போது, உடையாத, கீறல்விழாத, பளபளப்பான ஒரு மக் குப்பைக்குத் தயாராகும். மின்னணுக் குப்பைக்கு. பாத்திரம் தேய்க்கும் இயந்திரத்தில் போடக் கூடாது, மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, கையால்தான் கழுவ வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் வேறு. மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லும் காபிக் குவளை என்பதே கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கும் விஷயம்தான். கல்யாணச் சீரில் பெயர் பொறித்து வந்த எவர்சில்வர் டம்ளர்கள் மூன்றாம் தலைமுறையிலும் புழங்கும் வீடுகளில் இந்தச் சிரிப்பு இன்னும் பலமாகக் கேட்கும்.

சரி, பணம் ஒரு பொருட்டில்லை என்றே வைத்துக்கொள்வோம். காபியின் ருசியாவது காக்கப்படுகிறதா? சூடும் ருசியும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்தில்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். வறுத்த காபியின் மணத்துக்கு முக்கியக் காரணமான சேர்மங்களில் ஒன்று ஃபர்ஃபுரைல் தயால் என்ற கந்தகச் சேர்மம். காபி தயாரான சிறிது நேரத்திலேயே இது, காபியின் பழுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனாய்டின் என்ற பெரிய மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டு, மூக்குக்கு எட்டாமல் மறையத் தொடங்குகிறது. வேறு பல மணப்பொருள்கள் ஆவியோடு ஆவியாகப் போய்விடுகின்றன. இன்னொரு பக்கம், காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலங்களிலிருந்து வந்த லாக்டோன்கள் சூட்டில் நீரோடு வினைபுரிந்து உடைய, குயினிக் அமிலம் கூடுகிறது. காபி மெல்லப் புளிக்கத் தொடங்குகிறது. அமெரிக்க அலுவலகங்களில் சூடான தகட்டின்மேல் கண்ணாடிக் கூஜாவில் மணிக்கணக்காகக் காயும் காபி வாயில் வைக்க முடியாமல் போவது இதனால்தான். 57 டிகிரியில் இந்த மாற்றம் அந்தத் தகட்டில் நடப்பதைவிட மெதுவாக நடக்கும். அந்த வகையில் ஸ்மார்ட் மக் பழைய கூஜாவைவிட எவ்வளவோ மேல். ஆனால் நின்றுவிடுவதில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கும் வாயில் முதல் வாயின் சூடு இருக்கும், முதல் வாயின் மணம் இருக்காது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இதில் ஆறாத கஞ்சியும் கொஞ்சம் பழங்கஞ்சிதான்.

காபியைச் சுவைத்து மதிப்பெண் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களைக் கவனித்தால் இன்னொன்று விளங்கும். அவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவந்த முறையில், ஏறக்குறைய 71 டிகிரியில் சுவையைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆற ஆற அமிலத்தன்மையையும் வாயில் உணரும் கனத்தையும் பார்ப்பார்கள். 37 டிகிரிக்குக் கீழே வந்தபிறகு இனிப்பையும் தெளிவையும் எடைபோடுவார்கள். நல்ல காபி ஆறும்போது புதிதாக எதையாவது காட்டும். மட்டமான காபியின் குறைகளும் ஆறும்போதுதான் வெளியே வரும். ஒரே சூட்டில் கட்டிப்போட்டால் இந்த மாறுதல் முழுவதும் இல்லாமல் போகிறது. ‘நான் மதிப்பெண் போடக் குடிக்கவில்லை, காலையில் தூக்கம் கலையக் குடிக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் விலையுயர்ந்த கொட்டையைத் தேடி வாங்கி, வீட்டிலேயே அரைத்து, தராசில் நிறுத்துப் போட்டுக் குடிப்பவர்களுக்குத்தான் இந்த மக் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. அவர்களுக்குத்தான் இது மிகக் குறைவாகத் தேவை.

நம் காபிக்கு வருவோம். இந்த மக் பிறந்த இடத்தில் காபி என்றால் பாலில்லாத, அல்லது சிறிது பால் விட்ட, பெரிய அளவு பானம். ஸ்டார்பக்ஸில் டால் என்று கேட்டால் 355 மில்லி, வென்டி என்றால் 591 மில்லி. அதைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உறிஞ்சுவார்கள். ஃபில்டர் காபி டம்ளரில் 100, மிஞ்சினால் 150 மில்லி. டவராவில் ஊற்றி இரண்டு ஆற்று ஆற்றினால் நுரையும் கட்டும், கொதிசூடும் இறங்கி நாக்குக்குப் பதமாகும். பத்து நிமிடத்தில் டம்ளர் காலி. இதில் ஆறிப்போக நேரம் எங்கே இருக்கிறது? நம் பிரச்சினை எப்போதும் சூட்டைக் குறைப்பதுதான், காப்பது அல்ல. டவரா அந்த வேலையை எந்தச் சில்லும் இல்லாமல் சில நொடிகளில் முடிக்கிறது. எம்பரின் மேசை மக் காபியைக் குளிரவைப்பதில்லை, தானாக ஆறும்வரை காத்திருக்கும். அந்த முதல் பத்து நிமிடத்தில் நம் ஆள் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்திருப்பார்.

அதைவிட முக்கியமான ஒன்று டிகாக்ஷன். நேரத்தைச் சமாளிக்க நம் சமையலறை கண்டுபிடித்த வழி, சூட்டையும் காபியையும் தனித்தனியாக வைப்பது. காலையில் இறக்கிய டிகாக்ஷன் ஃபில்டரின் அடிப்பாத்திரத்தில் இருக்கும். பால் அடுப்பிலோ ஃபிரிட்ஜிலோ இருக்கும். எட்டு மணிக்கு எழுந்தவருக்கும் பதினொரு மணிக்கு வந்த விருந்தாளிக்கும், பாலைக் காய்ச்சிக் கலந்த அந்த நிமிடத்தில்தான் காபியே பிறக்கிறது. முதல் டிகாக்ஷனின் மணம் பதினொரு மணிக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனாலும் கலந்த காபியை மூன்று மணி நேரம் சூடாக வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ நேர்த்தியான ஏற்பாடு. கலந்த பால்காபியைத் திறந்த குவளையில் நெடுநேரம் சூடாகவே வைத்திருந்தால் மேலே ஆடை படரும், சுவரில் பால்பசை ஒட்டும். கையால் மட்டுமே கழுவ வேண்டிய மக்கில் அது எரிச்சலூட்டும் வேலை. பால் கலந்த பானத்தை மக்கின் மிகக் குறைந்த அளவான 50 டிகிரியில் மறந்துபோய் அரைநாள் விட்டுவைப்பதும் நல்லதல்ல. சூடான உணவைப் பரிமாறும்வரை 57 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. நம் ஊரின் வெயிலும் கணக்கில் வருகிறது. 22 டிகிரி அறையில் 57 டிகிரிக் காபிக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 35. சென்னையில் 32 டிகிரி அறையில் அது 25 தான். காபி ஆறும் வேகமும் அதற்கேற்பக் குறையும். தலைக்குமேல் மின்விசிறி ஐந்தில் ஓடினால் மட்டும் இந்தச் சலுகை ரத்து.

மூடியைப் புகழ்ந்தாலும், காபியை ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. ஃபிளாஸ்க் காபியை அளவுக்கு மீறிக் காக்கிறது. 85 டிகிரியில் ஊற்றினால் ஒரு மணி நேரம் கழித்தும் நாக்கு வெந்துபோகிறது. மூடிபோட்ட டம்ளரின் சின்னத் துளை வழியாக உறிஞ்சினால் மணம் மூக்குக்கு வருவதில்லை. திறந்த குவளையில் குடிக்கும் சுகமே போய்விடுகிறது. இது சரியான மறுப்பு, ஸ்மார்ட் மக்கின் பக்கம் உள்ள வலுவான வாதமும் இதுதான். ஆனால் இதற்கு விடை ஃபிளாஸ்க்கிலிருந்தே குடிக்காமல் இருப்பது. விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் 1892-இல் ஃபிளாஸ்க்கின் முன்னோடியான வெற்றிடக் குடுவையைச் செய்தது ஆய்வகத்தில் திரவ வாயுக்களைக் காக்க. அதை எஃகில் செய்து உடையாத பொருளாக ஆக்கினார் வில்லியம் ஸ்டான்லி, 1913-இல். இத்தகைய ஃபிளாஸ்க்குகளின் மூடி பெரும்பாலும் ஒரு சின்னக் கோப்பையாகவே இருக்கும். 100 மில்லியை ஊற்றி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, திறந்த கோப்பையில் மணத்தோடு குடித்துவிட்டு, அரைமணி கழித்து அடுத்த 100 மில்லியை ஊற்றிக்கொள்வது. குளிர்காலத்தில் இரவுக்காவல் இருப்பவர்களும் லாரி ஓட்டுபவர்களும் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். நல்ல எஃகு ஃபிளாஸ்க் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், பத்தாண்டு உழைக்கும், ஒன்றரை மணி நேரம் அல்ல, அரைநாள் காக்கும். பாலில்லாத காபிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

பேட்டரியே இல்லாமல் ஒரே சூட்டில் நிறுத்தும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2011-இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் மக்களிடம் பணம் திரட்டி வந்த காபி ஜூலிஸ் என்பவை, எஃகில் செய்த பெரிய காபிக்கொட்டை வடிவ உருண்டைகள். உள்ளே 60 டிகிரியில் உருகும் ஒரு பொருள். கொதிக்கும் காபியில் போட்டால் அந்தப் பொருள் உருகும்போது கூடுதல் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். காபி 60-க்கு வந்ததும் மறுபடி இறுகத் தொடங்கி, உறிஞ்சிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். சீக்கிரம் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவது, பின் அங்கேயே நிறுத்துவது என்ற இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் அழகான யோசனை. திறந்த குவளையில் ஆவி தொடர்ந்து சூட்டைத் திருடிக்கொண்டிருக்கும்போது நாலைந்து உருண்டையில் அடங்கும் வெப்பம் நெடுநேரம் தாங்காது என்பதுதான் அதன் பலவீனம். மூடியுள்ள பாத்திரத்தில்தான் அது பெயர் வாங்கும். திரும்பத் திரும்ப மூடியிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. மைக்ரோவேவில் முக்கால் நிமிடம் சுடவைக்கும் சோம்பேறி வழியையும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அது மணத்தை இன்னும் கொஞ்சம் விரட்டும், உண்மை. ஒரு மணி நேரம் சூட்டிலேயே கிடந்த காபியும் மணத்தை இழந்துதான் இருக்கிறது.

‘தேவை, லாபம் என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்ப்பதா? ஒரு சின்னச் சுகத்துக்குப் பணம் செலவழிப்பது என் விருப்பம்’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது கடினம்; சொல்லவும் வேண்டாம். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கைக்கடிகாரம் வாங்குபவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் விளம்பரம் இதைச் சுகம் என்ற பெயரில் மட்டும் விற்கவில்லை. ஒரு குறையைத் தீர்க்கும் கருவியாக விற்கிறது. கருவி என்று வந்தால் இன்னும் எளிய கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. காபி ஆறுவது ஒரு கடிகாரம் போலவும் வேலை செய்கிறது. ஆறும் முன் குடித்துவிட வேண்டும் என்பதால் ஐந்து நிமிடம் வேலையை நிறுத்துகிறோம். ஆறாத காபிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அது திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்க்கொண்டிருக்கும். இதைச் சுகம் என்று எண்ணுபவர்களும் உண்டு, இழப்பு என்று எண்ணுபவர்களும் உண்டு.

அப்படியானால் யார் வாங்கலாம்? குடிக்கும் வேகம் தன் கையில் இல்லாதவர்கள். கைக்குழந்தையோடு இருக்கும் தாய், படுக்கையில் இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்பவர், ஒரு வாய் குடித்ததும் அழைப்பு வரும் என்று தெரிந்த வேலையில் இருப்பவர். இவர்களுக்கு மூடியைத் திறந்து மூட, ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்ற என்று இரண்டு கையும் ஓய்வாக இருப்பதில்லை. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், மெதுவாகத்தான் விழுங்க முடியும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும் 52, 53 டிகிரியில் நிற்கும் பானம் உண்மையான உதவி. சிந்தினாலும் கொதிக்கும் காபி அளவுக்குச் சுடாது. ஆனால் மக் அந்தச் சூட்டுக்குத் தானாக இறங்கியபிறகே கையில் கொடுக்க வேண்டும். பாலில்லாத காபியோ கிரீன் டீயோ பெரிய அளவில், குளிரூட்டிய அறையில், நாள் முழுக்கக் குடிப்பவர்கள் அடுத்த வரிசையில் வருவார்கள். ஆறிய பானத்தைத் தினமும் தொட்டியில் ஊற்றுபவர்கள் என்றால் அவர்களுக்கும் பணம் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஃபில்டர் காபி குடிக்கும் குடும்பங்களுக்கு இது வேண்டாத பொருள். பரிசாக வந்தால் மறுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

நடுவழியாக ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் சூடேற்றும் தட்டுகளைச் சிலர் நாடுகிறார்கள். கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுப்பவற்றில் பலவும் 10 வாட்டைத் தாண்டுவதில்லை. சூட்டை நிறுத்திவைக்கவே 10 வாட் வேண்டும் என்று பார்த்தோம், அதிலும் ஒரு பங்கு மக்கின் அடிக்கும் தட்டுக்கும் நடுவிலேயே வீணாகும். பெரும்பாலான பீங்கான் மக்குகளின் அடிப்பகுதி உட்குழிந்திருப்பதால் தட்டைத் தொடுவது விளிம்பு மட்டும்தான். சுவரில் செருகும் 20 வாட் தட்டும், அடி சமமான எஃகு டம்ளரும், மேலே மூடியும் சேர்ந்தால் ஸ்மார்ட் மக் தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தானாக அணையும் வசதி இல்லாததை வாங்காமலிருப்பது நல்லது.

வாங்குவதென்று முடிவு செய்தவர்களும் அதற்குமுன் சமையலறைக்கான குச்சி வெப்பமானி ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் பார்க்கலாம். வழக்கமாகக் குடிக்கும் காபியில் அதை முக்கி, முதல் வாய் எத்தனை டிகிரியில் ருசிக்கிறது, எந்த டிகிரிக்கு வந்ததும் தள்ளிவைக்கத் தோன்றுகிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு வாரம் அதே குவளையை மூடிவைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும். மூடியபின்னும் அந்த நேரம் போதவில்லை, ஃபிளாஸ்க்கும் ஒத்துவரவில்லை என்றால் கடைக்குப் போகலாம். அங்கே கேட்க வேண்டியவை: செயலி இல்லாமலும், நிறுவனம் நாளை மூடப்பட்டாலும், கடைசியாக வைத்த சூட்டில் இது வேலை செய்யுமா? பேட்டரி தளர்ந்தால் மாற்றித் தர இந்தியாவில் யாராவது இருக்கிறார்களா? பேட்டரி தீர்ந்தபிறகும் சார்ஜ் செய்யும் தட்டின்மேல் வைத்தால் சூடு நிற்குமா? இரண்டாவது கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைப்பது அரிது. மற்ற இரண்டுக்கும் ஆம் என்றால், சின்ன அளவுள்ளதை வாங்குவதே மேல். பெரிய மக்கில் பேட்டரி சீக்கிரம் தீரும், காபியும் மிச்சமாகும்.